ஆளுக்குப் பாதிப் பாடம்

சின்னவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அன்றே கல்லூரி அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கு வழிகாட்டி டீச்சர் என்று ஒருவர் புதிதாக வந்திருந்தார். எந்தக் கல்லூரிக்குப் போகலாம், அதற்கு இப்போதிலிருந்தே என்ன செய்யலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் அவர் வேலை. 'கல்லூரிக்கு நான்கு படிகள்' என்று ஒரு தாளை எல்லோரிடமும் கொடுத்து அனுப்பினார். ஒன்பதில் அடித்தளம், பத்தில் மதிப்பெண், பதினொன்றில் தேர்ந்தெடுத்தல், பன்னிரண்டில் விண்ணப்பம். அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஆளுக்கொரு தாள் வந்திருந்ததால் ஒன்றை ஒட்டிவிட்டு மற்றதை மடித்துப் பத்திரப்படுத்தினாள். இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு எதிலும் ஒன்று உபரி என்ற எண்ணம் எப்போதும் உண்டு.

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் ஏழே நிமிடம். அந்த ஏழு நிமிடத்தைப் பெரியவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. 'அக்கா' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் பெருசு, சிறுசு என்று அழைத்தார்கள். அப்பா லிப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று கம்பிக்கு கிரீஸ் தடவுகிறவர், வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால் யோசிப்பார். அம்மா கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். நாளெல்லாம் அடுத்தவர் பார்வையைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்து தன் கண்ணாடியைத் தேடுவாள். அது தலைமேல் இருக்கும். இருவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் கல்லூரியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பினார்கள்.

பாடத்தைப் பங்கு போடும் யோசனை சின்னவளுடையது. சோம்பேறிகளுக்குத்தான் இப்படியெல்லாம் மூளை வேலை செய்யும்.

"ஒரே துணிய ரெண்டு பேரு துவைக்கணுமா?" என்றாள். "நீ கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி படி. நான் வரலாறு, புவியியல், உயிரியல் எல்லாம் பாத்துக்கிறேன். பஸ்ல ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கலாம்."

"நீ ஒழுங்கா படிப்பியா?"

"படிப்பேன்க்கா."

பெரியவள் சரி என்றுவிட்டாள். அவளுக்கு ஒருவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டாம் தடவை கேட்பது, கிளறுவது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் அவள் பிறவியிலேயே கிடையாது.

பஸ் அவர்கள் தெருமுனையிலிருந்துதான் புறப்படும். பள்ளி, வழித்தடத்தின் மறுகோடியில். முழுதாக ஐம்பது நிமிடம். காலையில் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்திருக்கும். தெருவிளக்குகள் அணையலாமா வேண்டாமா என்று மஞ்சளாக நின்றுகொண்டிருக்கும். பின்னாலிருந்து மூன்றாவது இருக்கை அவர்களுடையது. இன்ஜினின் சூடு அங்கே காலடியில் வரும். முதல் இருபத்தைந்து நிமிடம் அக்காவின் முறை. சின்னவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அக்காவின் குரல் நிதானமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் வரும். எதையும் அலங்கரிக்க மாட்டாள். தெரியாத இடம் வந்தால், "இது எனக்கே புரியல. நாளைக்குச் சொல்றேன்" என்பாள். மறுநாள் சொல்லியும் விடுவாள். பாதித் தூக்கத்தில் கேட்ட அந்தப் பாடங்கள் சின்னவளுக்குள் எங்கேயோ ஆழத்தில் போய்ப் படிந்தன. பரீட்சையில் கணக்கைப் பார்த்ததும் அவள் கண்ணை மூடுவாள். இன்ஜின் சத்தம் கேட்கும், காலடியில் சூடு வரும், அக்கா பேச ஆரம்பிப்பாள். இவள் எழுத வேண்டியதுதான் பாக்கி.

பெரிய சந்தைக் கட்டடத்தைத் தாண்டியதும் சின்னவளின் முறை. இவள் சொல்வது பாடம் மாதிரியே இருக்காது. அரசர்கள் கொட்டாவி விடுவார்கள், இலைகளின் சுவாசத்துக்குச் சத்தம் இருக்கும், மலைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கும். பெரியவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். கேட்கும்போது அவள் முகம் ஐந்து வயதுப் பிள்ளையின் முகமாகிவிடும். அந்த முகத்துக்காகவே சின்னவள் கூடுதலாக ஒரு பிடி போட்டுச் சொன்னாள். முதலில் ஒரு வரி, பிறகு இரண்டு வரி. படிக்காமல் வந்த நாட்களில் முழுப் பாடமுமே கைச்சரக்குதான்.

அப்படி ஒரு நாளில் வந்ததுதான் அந்த ஆறு. முந்தின நாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஏழாவது பாடம் ஆறுகள் என்பது மட்டும் தெரியும். பனி கண்ணாடியைக் கெட்டியாக மூடியிருந்தது. பஸ் எங்கே போகிறது என்றே தெரியவில்லை, மிதப்பது போல இருந்தது.

"ஒரு ஆறு இருக்குக்கா," என்று தொடங்கினாள். "வருஷத்துல ஒன்பது நாள் அது பின்னாடி ஓடும். கடல்லேருந்து மலைக்கு. அந்த ஒன்பது நாளும் யாரும் துடுப்பே தொட மாட்டாங்க. கீழ வேலைக்குப் போனவங்க எல்லாம் படகுல படுத்துக்குவாங்க, அவ்வளவுதான். தூங்கி எழுந்தா வீடு வந்திருக்கும்."

"நெஜமாவா?"

"ஏழாவது பாடம்."

 இறங்கும்போது பெரியவள், "நாளைக்கு அதையே திரும்பச் சொல்லு," என்றாள். மறுநாள் சின்னவள் சொன்னாள். அடுத்த மாதமும் சொன்னாள். உடம்பு சரியில்லாமல் பெரியவள் படுத்திருந்த வாரத்தில் தினமும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஆற்றுக்கு ஒரு வளைவு, ஒரு கரை, கரையில் ஒரு வீடு கூடியது. இருபதாம் முறை சொல்லும்போது, தான்தான் அதை உண்டாக்கினோம் என்பதே சின்னவளுக்கு மறந்துபோயிற்று. பொய் சொல்கிறவர்களுக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும். இவளிடம் இருந்ததெல்லாம் நல்ல குரல் மட்டும்தான்.

பத்தாம் வகுப்பில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. மழைத்துளிகளை எண்ணச் சொல்லி ஆள் வைத்த அரசியைப் பற்றிப் பெரியவள் வரலாற்றுத் தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதிவைத்தாள். வரலாற்று ஆசிரியர் விடைகளைச் சாண் கணக்கில் திருத்துகிறவர். முழு மதிப்பெண் போட்டு, 'நன்று' என்றும் எழுதிக் கொடுத்தார். மதிப்பெண்களில் இருவரும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நின்றார்கள். காப்பியடிக்கிறார்களோ என்று தலைமையாசிரியை இருவரையும் வேறு வேறு அறையில் உட்காரவைத்துப் பார்த்தார். அப்போதும் அதே உதாரணம், அதே வார்த்தை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெட்டப் பிள்ளைங்க விஷயம் நமக்குப் புரியாது," என்று விட்டுவிட்டார்.

பதினொன்றில் தேர்ந்தெடுத்தல். வழிகாட்டி டீச்சரின் அறையில் கல்லூரிப் புத்தகங்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். பெரியவள் அதில் ஒன்றை எடுத்தாள், பிறகு வேறு எதையும் தொடவில்லை. அட்டையில் ஒரு மலைச்சரிவு, அதில் சிவப்புக் கூரைக் கட்டடங்கள், நடுவில் ஓர் ஓடை. நீரைப் பற்றி மட்டுமே படிக்கிற கல்லூரி அது. மழை, நிலத்தடி நீர், ஆறு, அணை எல்லாம் அங்கே தனித்தனி வகுப்பு. வருடத்துக்கு நாற்பது பேர்தான்.

"கணக்குல நீ புலி. எஞ்சினியரிங் பக்கம் போகலாமே," என்றார் டீச்சர்.

"இதான் டீச்சர் வேணும். ஒன்பதாவதுல ஒரு ஆறு படிச்சேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

பக்கத்தில் நின்ற சின்னவள் பெருமையாகத் தலையசைத்தாள். எந்த ஆறு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது கிடையாது என்பதுதான் தெரியாமல் போயிருந்தது. அவளும் அதே கல்லூரிக்குப் பேர் கொடுத்தாள். அக்கா இல்லாத ஓர் இடத்தில் காலையில் எப்படிக் கண்விழிப்பது என்றே அவளுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கல்லூரியைத் தவிர வேறு பேச்சில்லை. அம்மா அட்டைப் படத்தை ஃபிரிட்ஜில் நான்கு படிகளுக்கு மேலே ஒட்டினாள். அப்பா தினமும் அதன் முன்னால் நின்று, "மூணு மாடிதான் இருக்கு. லிப்ட் இருக்காது," என்று கவலைப்பட்டார். வழிகாட்டி டீச்சரின் தாளில் சொன்னபடி சமூக சேவைக்காக இருவரும் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் பத்திரிகை வாசித்தார்கள். கலைக்காகச் சின்னவள் பள்ளிப் பாட்டுக் குழுவில் சேர்ந்து பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்தாள். மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து, அந்த ஓடையின் சத்தம் எப்படி இருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். விடுதி அறையில் ஜன்னல் பக்கம் யாருக்கு என்பதில் ஒருமுறை சண்டைகூட வந்தது.

பன்னிரண்டில் இருவருக்கும் நேர்காணல் அழைப்பு வந்தது. மதிப்பெண் மட்டும் போதாது, நேரில் வந்து பேச வேண்டும், அங்கே பேசுவதை வைத்துத்தான் இடம் என்று கடிதம் சொன்னது. சின்னவள் அதை இரண்டு முறை படித்தாள். தாளில் எழுதுவது வேறு. சாண் வைத்து அளக்கிறவர் அங்கே இருக்க மாட்டார். அக்கா வாயைத் திறந்து அந்த மழை எண்ணும் அரசியைச் சொன்னால் என்ன ஆகும்?

மூன்று வாரம் பழைய புத்தகங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, தான் சொன்னதில் எது புத்தகத்தில் இல்லை என்று தேடினாள். பதினான்கு தேறியது. ஒரு தாளில் எழுதினாள். ஆற்றை அவள் தேடவே இல்லை. தன் தெரு இருக்கிறதா என்று யாராவது வரைபடத்தில் தேடிப் பார்ப்பார்களா?

நேர்காணலுக்கு ரயிலில் போனார்கள். அம்மா எதிர் இருக்கையில் அசந்து தூங்கினாள். மலை தொடங்கியதும் ரயில் மெதுவாகி, வெளியே எல்லாம் பச்சையாகவும் ஈரமாகவும் நழுவிக்கொண்டிருந்தது. சின்னவள் தாளை நீட்டினாள்.

"என்னது?"

"இதெல்லாம் நான் சும்மா சொன்னதுக்கா. புக்ல இல்ல."

பெரியவள் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. "இந்த ரெண்டு இதயம் இருக்கிற மீனும் பொய்யா?"

"ம்."

"பரீட்சைல எழுதினேனே."

"மார்க் வந்துச்சே."

ஒரு சுரங்கம் வந்தது.  வெளிச்சம் வந்தபோது பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தேவிட்டாள். பென்சில் எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தாள், மனத்திலிருந்தும் அடிக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. கடைசி வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வேற எதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லு."

"இல்லக்கா. இவ்வளவுதான். சத்தியமா."

கல்லூரி அட்டையில் இருந்தபடியே இருந்தது. சிவப்புக் கூரைகள், ஓடை, ஓடைக்கு மேல் சின்ன மரப்பாலம். நடைபாதையில் எங்கே நின்றாலும் தண்ணீரின் சத்தம் கேட்டது. சின்னவளுக்கு ஏற்கெனவே இங்கே நாலு வருடம் இருந்துவிட்டுத் திரும்ப வந்திருப்பது போலத் தோன்றியது. பெரியவளை முதலில் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. அம்மா பைக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தாள்.

இருபது நிமிடம் கழித்துப் பெரியவள் வெளியே வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டாங்க," என்றாள், சின்னவளைப் பார்க்காமல். "ஆறு பத்திச் சொன்னேன். எந்தப் புக்குன்னு கேட்டாங்க. ஒன்பதாவது, ஏழாவது பாடம்னேன். ஓரத்துல ஒருத்தர் இருந்தார். அந்தப் பாடத்தை எழுதினதே அவர்தானாம். அப்படி ஒரு ஆறு நான் எழுதலையேம்மான்னார்."

சின்னவள் வாயைத் திறந்தாள். மறுத்துச் சொல்லத்தான் திறந்தாள். அந்த ஆறு இருக்கிறதே, ஏழாவது பாடம்தானே, பனி மூடிய கண்ணாடி... அங்கேதான் அவளுக்குப் பிடிபட்டது. கண்ணாடியும் பனியும் ஞாபகத்தில் இருந்தன. புத்தகப் பக்கம் எவ்வளவு துழாவினாலும் வரவில்லை.

"அதுக்கப்புறம் நெறைய கேட்டாங்க," என்றாள் பெரியவள். "கணக்குகூடக் கேட்டாங்க. எதுவும் காதுல விழல."

அதற்குள் சின்னவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். உட்காரச் சொல்வதற்கு முன்பே சின்னவள் சொல்லிவிட்டாள்: இப்போது வந்து போனது தன் அக்கா, அந்த ஆறு தன்னுடைய பொய், அக்கா நம்பியது மட்டும்தான் தப்பு, அவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நடுவில் இருந்த அம்மாள் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிறோம்மா. ஆனா இந்த ரூம்ல அவங்கவங்க பேசினதுக்குத்தான் மார்க். இப்ப உங்களைக் கேக்கணும்."

பாடம் எழுதிய பேராசிரியர் கேட்டார். "அணையோட சுவரை அடியில ஏன் தடிமனாக் கட்டுறாங்க?"

சின்னவள் கண்ணை மூடினாள். குரல் வந்தது. அது சொல்வதை அப்படியே சொன்னாள். "கீழ போகப் போகத் தண்ணி அதிகமா அழுத்தும். மேல இருக்கிற தண்ணி முழுக்க அடியில இருக்கிறதோட தலைல."

"பின்னாடி இருக்கிற ஏரி ரெண்டு மடங்கு நீளமா இருந்தா?"

"சுவருக்கு அது தெரியாது. அதுக்கு ஆழம் மட்டும்தான் தெரியும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் கேட்டார்கள், குழாய் குறுகினால் நீர் ஏன் விரைகிறது, தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம். கேட்கக் கேட்கக் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

"யாரு சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார் பேராசிரியர்.

"அக்கா."

"ரொம்பச் சரியாச் சொல்லிக்கொடுத்திருக்காங்க," என்றார் அவர், எழுதிக்கொண்டே.

முடிவு இரண்டு வாரம் கழித்து அப்பாவின் போனில் வந்தது. பட்டியலில் நாற்பது எண்கள். அம்மா மூன்று முறை மேலிருந்து கீழே படித்தாள், பிறகு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சின்னவளின் எண் இருந்தது. பெரியவளின் எண் இல்லை.

பெரியவளுக்கு உள்ளூர்க் கல்லூரியில் கணக்குப் பிரிவில் இடம் கிடைத்தது. அதே பஸ், நான்கு நிறுத்தம் முன்னால் இறங்க வேண்டும். அவள் சின்னவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. சாப்பாட்டு மேஜையில் கேட்டால் உப்பை நகர்த்தினாள், அவ்வளவுதான். கத்தியிருந்தால் சின்னவள் எப்படியாவது தாங்கியிருப்பாள். இரவு படுத்தால் அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் முதுகைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"நான் போகல," என்று அப்பாவிடம் சொன்னாள். "அக்கா இல்லாம நான் போகல."

அப்பா வெகுநேரம் தன் கைகளைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் ஏத்துற லிப்ட் எங்கிட்ட இல்லையேம்மா," என்றார். 

சேர்க்கைப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நான்கு பக்கம். அது மேஜை மேல் எழுதாமலே கிடந்தது. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. பள்ளி முடிந்த பிறகு வரும் அந்த நாட்களுக்குக் கிழமையே கிடையாது. வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறி மறையும், அவ்வளவுதான். சின்னவள் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிவத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன்மேல் ஒரு புத்தகத்தை வைத்தாள். யாரோ அதை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜையில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். தங்கையின் பிறந்த தேதி, பிறந்த நேரம், ரத்த வகை, பள்ளிப் பதிவு எண் எல்லாவற்றையும் பார்க்காமலே தன் குண்டுக் கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனாள். சின்னவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். நாலாவது பக்கத்தில் இரண்டு இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிவத்தை எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

"கடைசிக் கேள்விக்கு நீதான் எழுதணும். ஏன் இங்க படிக்க விரும்புறீங்கன்னு. எழுதிட்டுக் கையெழுத்துப் போடு."

பதினேழு நாளைக்குப் பிறகு கேட்கும் குரல்.  "அக்கா, நான் போகலக்கா. உன் இடம் அது."

"என் இடம்னா எனக்குக் கிடைச்சிருக்கும்." பெரியவள் பேனாவை அவள் பக்கம் உருட்டினாள். "நான் உங்கிட்ட ஒருநாளும் பொய் சொன்னதில்ல. இப்பவும் சொல்லல. எனக்கு வயிறு எரியுது. உன் மொகத்தைப் பாத்தாலே எரியுது. நீ போனாலும் எரியும். ஆனா நீ போகாம என் எதிர்ல உக்காந்திருந்தா, நான் சொல்லிக்கொடுத்ததும் வீணாப் போயிடும். எங்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். எழுது."

சின்னவள் உட்கார்ந்தாள். கண்ணீர் படிவத்தில் விழாமல் இருக்கத் தலையைத் தள்ளி வைத்துக்கொண்டு எழுதினாள். ஆறு வரிதான் இடம் இருந்தது. என்ன எழுதுகிறோம் என்று நினைத்து நினைத்து, ஒவ்வொரு சொல்லும் உண்மைதானா என்று தன்னையே கேட்டுக் கேட்டு எழுத அரைமணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டாள்.

பெரியவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பென்சிலை எடுத்து, தங்கை எழுதிய முதல் சொல்லின் கீழே வைத்தாள். நாலு வருடத்தில் ஒருமுறையும் செய்யாததை இப்போது செய்தாள்: ஒவ்வொரு வரியாக, உண்மைதானா என்று சரிபார்த்தாள். சின்னவள் எதிரில் கைகட்டி உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள்.